பிலாத்து கைகழுவிய நீர்

மரண தண்டனை பற்றிய விவாதம் எழும்போதெல்லாம் இரு சான்றுகள் முன்வைக்கப்படுவதை நாம் காண்கிறோம். ஒன்று வேதம், மற்றையது பொதுசன அபிப்பிராயம். கண்ணுக்குக் கண் என விவிலியமே விதித்துள்ளது என்பர் ஒருசாரார். மக்கள் கேட்கின்றனர், நாம் கொடுக்கின்றோம் என்பர் ஆட்சியாளர். இரண்டும் மறுக்கவியலாத சான்றுகள் போலத் தோன்றுகின்றன. ஆயினும் இரண்டுமே வியாக்கியானத்துக்கு உட்பட்டவை. வேதத்தை வாசிப்பவர் யார், மக்களின் குரலை எழுப்புபவர் யார் என்று கேட்பதே விமரிசகனின் கடமையாகும்.

முதலில் வேதத்தை நோக்குவோம். கண்ணுக்குக் கண் என்னும் விதி யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் இடம்பெறுகிறது. ஒருவன் செய்த குற்றத்துக்கு அவன் குலத்தையே பழிவாங்கிய உலகில், இழப்புக்கு மேற்பட்ட பழி கூடாது என எல்லை வகுத்த விதியாகவே ஆராய்ச்சியாளர் பலர் இதனைக் கொள்வர். அவ்வாறாயின் இது பழிவாங்கத் தூண்டும் கட்டளையன்று. பழிக்கு இடப்பட்ட அணையாகும். இதனைத் தொடர்ந்து வரும் விதியோ இன்னும் மனங்கொள்ளத்தக்கது. எசமான் தன் அடிமையின் கண்ணைக் கெடுத்துவிட்டால் அவ்வடிமைக்கு விடுதலை கொடுக்கவேண்டும் என்கிறது அது. எசமானின் கண் பறிக்கப்படுவதில்லை. பாபிலோனிய மன்னன் ஹம்முராபியின் சட்டத்திலும் உயர்குடியினன் ஒருவனின் கண்ணுக்கே கண் ஈடாயிற்று; தாழ்ந்த குடியினனின் கண்ணுக்கு வெள்ளி கொடுத்தால் போதுமானதாயிருந்தது. சமநீதியின் மொழியில் பேசிய பழஞ்சட்டங்களும் வர்க்கத்தை மறந்துவிடவில்லை என்பது இதனாற் புலனாகும்.

இவ்விதியின் நேரடி வாரிசுகளான யூத அறிஞர்கள் இதனைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்ற முற்படவில்லை. கி.பி. 200ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா, காயத்துக்குப் பொருளால் ஈடு செய்யும் முறையையே விரித்துரைக்கின்றது. அன்றியும், விவிலியத்தின் முதற் கொலையாளியான காயீன் கொல்லப்படவில்லை. பிறர் அவனைக் கொன்றுவிடாதிருக்க இறைவன் அவன்மீது அடையாளம் இட்டதாகவே ஆதியாகமம் கூறும். ஒரே நூலில் இரு குரல்கள் ஒலிக்கின்றன. எக்குரலைச் செவிமடுப்பது என்பதை வாசிப்பவனே தீர்மானிக்கிறான்.

இத்தீர்மானம் ஏட்டளவில் நின்றுவிடுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 1995ஆம் ஆண்டு நடந்த கொலை வழக்கொன்றில், ஜூரிமார் சிலர் தாம் தங்கியிருந்த விடுதியில் விவிலியத்தைப் புரட்டி, லேவியராகமத்திலும் உரோமர் நிருபத்திலும் தமக்கு வேண்டிய பகுதிகளைக் கண்டெடுத்தனர். எதிரிக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005இல் அம்மாநில உயர் நீதிமன்றம், ஐந்து நீதிபதிகளுள் மூவரின் தீர்ப்பினால், அத்தண்டனையை நீக்கி ஆயுட்காலச் சிறையாக மாற்றியது. சாட்சியத்தையும் சட்டத்தையும் மட்டுமே நிறுக்கவேண்டிய தராசில், விளக்கமின்றிப் பிரித்தெடுத்த வசனங்களும் வைக்கப்பட்டமையே காரணம்.

இனி, மக்களின் குரலுக்கு வருவோம். அதுபற்றியும் விவிலியத்தில் ஒரு காட்சி உண்டு. பரபாஸை விடுவித்து இயேசுவைச் சிலுவையில் அறையுமாறு கூட்டம் கூவுகிறது. உரோம ஆளுநன் பிலாத்து இணங்குகிறான். மக்களின் தீர்ப்பு எப்போதும் இத்தகையதே எனக் கற்றோர் சிலர் இக்காட்சியைக் காட்டி இகழ்வதுண்டு. ஆனால், தலைமைக் குருமாரே கூட்டத்தைத் தூண்டினர் என்று மாற்கு தெளிவாகக் கூறுகிறார். சிலுவையோ உரோமப் பேரரசின் தண்டனை. விசாரணையின்றியே பலரைக் கொன்ற கொடியோனாகப் பிலாத்துவைக் காட்டுகிறார் அக்காலத்தவரான பைலோ. அத்தகையவன் நீர் கொணர்வித்துக் கைகழுவிப் பழியை மக்கள்மேற் சுமத்தினான் என்கிறது மத்தேயுவின் சுவிசேஷம். அப்பகுதியைத் தவறாக வாசித்தோர் யூத இனம் முழுவதையும் பல நூற்றாண்டுகள் வதைத்தனர். அன்றைய யூதர் அனைவர்மீதோ இன்றைய யூதர்மீதோ அப்பழியைச் சுமத்தலாகாது எனக் கத்தோலிக்கத் திருச்சபை ஒரு பொதுச்சங்கத்தின் வாயிலாக அறிவித்தது 1965இலேயே.

ஆதலின் இக்காட்சி மக்களின் அறியாமைக்குச் சான்றன்று. அதிகாரம் தன் செயலை மக்களின் பெயரால் மறைக்கும் விதத்துக்கே சான்றாகும்.

நமது நாட்டின் அனுபவமும் இதனை உணர்த்தும். 1956இல் பதவியேற்ற பண்டாரநாயக்க அரசாங்கம் தூக்குத் தண்டனையை நிறுத்திவைத்து, 1958இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. நோர்வல் மொறிஸ் தலைமையிலான ஆணைக்குழு விடயத்தை ஆராய்ந்து, அத்தண்டனையை மீளக் கொணர வேண்டாம் என 1959இல் பரிந்துரைத்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 25ஆந் திகதி பிரதமர் சுடப்பட்டார், மறுநாள் மறைந்தார். தம்மைச் சுட்டவர்மீது பழிவாங்காது இரக்கங்காட்டுமாறு மரணப்படுக்கையிலிருந்து அவர் மக்களை வேண்டினார். ஆனால் அவ்வாண்டு முடியுமுன்னரே, முன்பு நிகழ்ந்த கொலைக்கும் பொருந்துமாறு, தூக்குத் தண்டனை மீண்டது. மக்களின் துயரும் சினமும் மெய்யானவை. எனினும் மக்களின் ஐயம் புதிய அரசாங்கத்தின்மீதே படர்ந்திருந்த வேளையில் அச்சினம் தூக்குமேடையை நோக்கித் திருப்பப்பட்டது என்பதை மறக்கலாகாது. முடிவில், சதி செய்தவர்களெனக் காணப்பட்ட இருவரின் மரண தண்டனை, சட்டத்தின் சொல்லமைப்புக் காரணமாக ஆயுட்காலச் சிறையாக மாறிற்று. துப்பாக்கி ஏந்தியவர் மாத்திரம் 1962இல் தூக்கிலிடப்பட்டார்.

அறுபது ஆண்டுகளின் பின், 2019இல், போதைப்பொருட் குற்றவாளிகள் நால்வரைத் தூக்கிலிடும் ஆணையிற் கையொப்பமிட்டதாக அன்றைய சனாதிபதி அறிவித்தார். 1976இன் பின் பயன்படாதிருந்த கயிற்றுக்கு அப்போதும் நாட்டு மக்களின் நலனே காரணமாகச் சொல்லப்பட்டது. உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது.

மக்களை நம்பும் நாம் மக்களின் குரலை எவ்வாறு மறுப்பது என நம்மிற் சிலர் தயங்குவதுண்டு. தயக்கம் நியாயமானதே. ஆனால் மரண தண்டனையின் மெய்ந்நிலையை அறிந்த மக்களின் அபிப்பிராயம் வேறு, அறியாத நிலையிற் கேட்கப்படும் அபிப்பிராயம் வேறு என அமெரிக்க நீதிபதி தேர்குட் மார்ஷல் 1972இல் வேறுபடுத்திக் காட்டினார். அறிவிக்கும் பொறுப்பை நிறைவேற்றாது, அறியாமையின் குரலையே மக்களின் தீர்ப்பென ஏற்பது மக்கள்மீது கொண்ட நம்பிக்கையன்று, அவர்களைக் கைவிடுதலாகும். 1959ஆம் ஆண்டின் அந்த ஆணைக்குழு அறிக்கையை நம் வகுப்பறைகளில் எத்தனை பேர் வாசித்திருப்போம்? மக்கள் கேட்கின்றனர் என்று ஆள்வோர் அடுத்த முறை நீர்ப் பாத்திரத்தை ஏந்தி வருமுன், அதனை வாசித்து மக்களிடம் கொண்டுசெல்வது ஆசிரியரும் மாணவருமாகிய நமது பணி.