நண்பர் பக்கம்

ஒருவர் இறந்து 31ஆம் நாள், சாப்பாடு முடிந்து கை கழுவி வரும்போது ஒரு சிறு புத்தகத்தைக் கையில் தருவார்கள். அட்டையில் படம், பிறந்த திகதி, மறைந்த திகதி. உள்ளே பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று உறவுமுறை வரிசை தப்பாது. கடைசியில் நன்றி நவிலல். அதற்குச் சற்று முன்னால், தாளில் இடம் மிஞ்சினால், ‘நண்பர்கள்’ என்று ஒரு பக்கம். கத்தோலிக்க வீடென்றால் பஞ்சபுராணம் இருக்கும் இடத்தில் செபங்கள் இருக்கும், அன்று காலை திருப்பலி நடந்திருக்கும். புலம்பலின் வரிசை அங்கும் இதேதான்.

ஈழத்தில் இதை நினைவு மலர் என்றும் கல்வெட்டு என்றும் சொல்கிறோம். இலக்கிய விமர்சகர்கள் யாரும் இதை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. நான் பார்க்கிறேன். அதிலும் அந்த நண்பர் பக்கத்தைத்தான் முதலில் திறக்கிறேன்.

காரணம் உண்டு. செத்த வீட்டில் ஒவ்வோர் உறவுக்கும் ஒரு வேலையும் ஓர் உரிமையும் இருக்கின்றன. கொள்ளி வைப்பவர் யார், வாய்க்கரிசி போடுபவர் யார், துடக்கு என்னும் தீட்டு யாருக்கு எத்தனை நாள், எல்லாம் ஏற்கெனவே தீர்மானமானவை. ஐம்பது வருடம் கூடவே திரிந்த நண்பனுக்குத் துடக்கில்லை. அவன் கதிரை இறக்குவான், பந்தல்காரனோடு பேசுவான், வானொலிக்கு மரண அறிவித்தல் கொண்டுபோவான், வீதியில் வெள்ளைக்கொடி கட்டுவான். அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பான். அவன் அழுவதற்கு மட்டும் சடங்கில் இடம் ஒதுக்கப்படவில்லை. தமிழில் அவனுக்குக் கிடைத்த இடம் பாட்டு ஒன்றுதான்.

திருகோணமலைப் பாலையூற்றில் எனக்கொரு நண்பன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாள் முதல் அவன் கண் மூடும்வரை எங்கள் பழக்கம் அறுந்ததில்லை. துறைமுகப் பக்கத்தில் கிளாக்கர் வேலை. ஞாயிற்றுக்கிழமை லூர்து மாதா கோயிலில் பூசை. மற்ற நேரமெல்லாம் வெண்பா. கத்தோலிக்கனான அவன் வீட்டு மேசையில் வேதாகமத்துக்குப் பக்கத்தில் பஞ்சாங்கம் கிடக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் சைவ வீடுகளில் யார் இறந்தாலும் திதி வெண்பாவுக்கு அவனைத்தான் தேடி வருவார்கள். காசு வாங்கமாட்டான். அச்சான புத்தகத்தில் இரண்டு பிரதி கேட்பான், ஒன்று தனக்கு, ஒன்று எனக்கு.

திதி வெண்பாவை வெளியூர் வாசகர்கள் அவ்வளவாக அறிந்திருக்கமாட்டார்கள். அறுபது வருடச் சுற்றில் ஆண்டின் பெயர், மாதம், பட்சம், திதி, இறந்தவர் பெயர், ஊர், அவர் இறைவனடி சேர்ந்த செய்தி, இத்தனையும் நாலடி பதினைந்து சீருக்குள் அடங்க வேண்டும். அலங்காரத்துக்காக எழுதுவதல்ல அது. வருடா வருடம் திவசம் எந்த நாளில் விழுகிறது என்று பிள்ளையும் பேரனும் கணக்குப் பார்ப்பது அதை வைத்துத்தான். எழுதுகிறவன் தவறினால் ஒரு குடும்பமே தலைமுறைக்கும் பிழையான நாளில் விளக்கேற்றும். ஆகவே அவன் கேட்கும் முதல் கேள்வி, உயிர் பிரிந்தது எத்தனை மணிக்கு என்பது. இரண்டாவது, நீங்கள் வாக்கியமா திருக்கணிதமா என்பது. இரண்டு பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரத்தில் வித்தியாசம் வரும். ஒன்றில் ஏகாதசி, மற்றதில் துவாதசி என்று ஆகிவிடலாம்.

அதன் பிறகுதான் யாப்பு. வெண்பாவில் கனிச்சீர் வராது, நாலசைச்சீர் வராது. மாச்சீருக்குப் பின் நிரை, விளத்துக்கும் காய்க்கும் பின் நேர், இந்த நடை எங்கும் பிசகக்கூடாது. மாதங்களை அவன் ஒரு தாளில் அலகிட்டு வைத்திருந்தான். சித்திரை, ஆவணி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி, பங்குனி ஆறும் கூவிளம். ஆனி, ஆடி, மாசி தேமா. வைகாசி தேமாங்காய், புரட்டாதி புளிமாங்காய். தை ஒற்றை நேரசை, துணையில்லாமல் நடுவில் நிற்காது. இப்போது கார்த்திகையில் ஒருவர் இறந்துபோனார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘கார்த்திகைத் தேய்பிறை’ என்றால் வெண்டளை தானாக ஓடும். ‘கார்த்திகை வளர்பிறை’ என்றால் விளத்தின் பின் நிரை வந்து தளை முறியும். வளர்பிறையை விட்டுப் பூர்வபக்கம் என்று போக வேண்டும். “மச்சான், மனுசன் தேய்பிறையில செத்திருந்தா எனக்கு வேலை லேசு” என்பான். செத்த வீட்டிலிருந்து திரும்பும் வழியில் சொல்லி, தானே வாயைப் பொத்திக்கொள்வான்.

ஊர்ப்பெயரிலும் இதே சங்கடம். திருகோணமலை நாலசை, வெண்பாவின் ஒரு சீருக்குள் அடங்காது. சம்பந்தர் பதிகத்தின் கோணமாமலை கூவிளங்கனி, அதற்கும் இங்கே அனுமதி இல்லை. கோணமலை கூவிளங்காய் என்பதால் உள்ளே வரும். நாங்கள் வாயால் சொல்லும் திருமலையோ அழகான கருவிளம். பஸ் நடத்துனர் கூவுகிற பெயரே வெண்பாவுக்கும் பொருந்துகிறது என்பதில் அவனுக்குத் தனி மகிழ்ச்சி. அந்தோனிப்பிள்ளை போன்ற நீண்ட பெயரை ‘அந்தோனிப்’ என்று தேமாங்காயாகவும் ‘பிள்ளை’ என்று தேமாவாகவும் பிரித்து, அடுத்த சீரை நிரையில் தொடங்குவான். படிக்கிறவர் நாக்கில் பெயர் உடைந்ததே தெரியாது. நல்ல தச்சன் பொருத்திய பலகையில் மூட்டு தெரியாததைப் போல.

இது கைத்திறன். இதை மட்டும் அறிந்தவர்கள் அவன் காலத்தில் வேறு சிலரும் இருந்தார்கள். அவனை வேறாக்கியது புலம்பல் பகுதி. பெரும்பாலான கல்வெட்டுகளில் புலம்பல் என்பது புகழ்ச்சியின் மறுபெயர். இறந்த எல்லோரும் வள்ளல், எல்லோரும் குன்றில் இட்ட விளக்கு, எல்லோரும் ஊருக்கு நிழல் தந்த ஆலமரம். பெயரை மாற்றினால் அடுத்த வீட்டுப் புத்தகத்துக்கு அப்படியே போகலாம். அவன் செத்த வீட்டுக்குப் போனால் இறந்தவரின் பெருமையைக் கேட்கமாட்டான். கோபம் வந்தால் என்ன சொல்லுவார், தேத்தண்ணிக்குச் சீனி போடுவாரா, சைக்கிளை எந்தப் பக்கத்தால் ஏறுவார் என்று கேட்பான். அழுதுகொண்டிருந்த மனைவி ஒரு கணம் நிமிர்ந்து பார்த்து, சிரித்து, அதன் பிறகு உண்மையாக அழுவதை நான் கண்டிருக்கிறேன்.

அவன் இதைக் கற்ற இடம் புறநானூறு. தொல்காப்பியம் காஞ்சித்திணையில் கையறுநிலையைத் துறையாக வகுத்திருக்கிறது. கழிந்தவரை எண்ணி ஒழிந்தவர் புலம்புவது அது. அந்தத் துறையில் தமிழின் சிகரங்கள் மனைவியோ மகனோ பாடியவை மட்டுமல்ல, நண்பர்கள் பாடியவையும்தான். பாரி இறந்த பின் கபிலர் பறம்பைவிட்டு அவன் மகளிரோடு வெளியேறுகிறார். மலையைத் திரும்பிப் பார்த்து அவர் சொல்வது பாரியின் வீரத்தையா? கள்ளுச் சாடி திறந்தது, கிடாய் அடித்தது, சோறும் இறைச்சியும் வேண்டுமட்டும் கிடைத்தது. இன்னொரு பாட்டில் எட்டாம் நாள் பிறை போல் வளைந்த கரையுள்ள சிறுகுளம் ஒன்று வருகிறது, பாரி இல்லாமல் அது உடைந்து போகிறது. ஓர் அரசனின் மரணத்தைச் சொல்ல ஒரு குளக்கரையின் உடைப்புப் போதும் என்று நினைத்த கவிஞர் அவர். 236ஆம் பாட்டில் இன்னும் ஒரு படி மேலே போகிறார். பாரியோடு சண்டை பிடிக்கிறார். இத்தனை வருடம் என்னைப் பேணினாய், போகும்போது மட்டும் நீ இங்கேயே இரு என்றாயே, என்னை வெறுத்துவிட்டாய் போலிருக்கிறது என்கிறார். செத்தவனோடு கோபிக்கும் உரிமை நண்பனுக்கு மட்டும் உரியது. மனைவி புலம்பலில் இந்தக் கோபம் ஏக்கமாகக் குழைந்துவிடும், மகன் புலம்பலில் மரியாதை குறுக்கே நிற்கும்.

கோப்பெருஞ்சோழனை எடுத்துக்கொண்டால், காணாமலே நட்புக்கொண்ட பிசிராந்தையாரைத்தான் ஊர் பேசும். என் நண்பனுக்குப் பிடித்தவர் பொத்தியார். சோழன் வடக்கிருந்தபோது பொத்தியாரும் கூட இருக்க வந்தார். உன் மனைவி கருவுற்றிருக்கிறாள், மகன் பிறந்த பின் வா என்று அரசன் திருப்பி அனுப்பிவிட்டான். பொத்தியார் போனார், மகன் பிறந்தான், திரும்பி வந்தார். அரசன் அதற்குள் நடுகல். 222ஆம் பாட்டில் அந்தக் கல்லைப் பார்த்து அவர் கேட்பது ஒரே கேள்வி: எனக்குரிய இடம் எது? அடுத்த பாட்டில் கல் இடம் கொடுத்ததாகச் சொல்கிறார். சடங்கு தராத இடத்தைக் கல்லிடம் கேட்டு வாங்கிய முதல் நண்பன் அவர்தான் என்பான் இவன்.

இந்தக் கலை உரைநடைக்கும் இறங்கியிருக்கிறது. புதுமைப்பித்தன் 1948இல் இறந்தபின் ரகுநாதன் 1951இல் வெளியிட்ட வரலாறு நண்பர் எழுதிய நூல். திருகோணமலையில் 1939இல் பிறந்த பிரமிள் 1997இல் வேலூருக்கு அருகே கரடிக்குடியில் மறைந்தார். சுந்தர ராமசாமியின் ‘நினைவோடை’ வரிசையில் அவருக்கும் ஒரு நூல் உண்டு. அந்த இருவருக்கிடையே நட்பும் இருந்தது, கசப்பும் இருந்தது. கசப்பையும் சொல்ல முடிகிற நினைவுகூரலுக்குத்தான் கபிலரின் கோபத்தோடு உறவு. புகழ் மட்டும் பாடுகிறவர் இறந்தவரைத் தூரத்தில் நிறுத்துகிறார்.

என் நண்பன் எழுதியவற்றில் எனக்கு உச்சம் என்று படுவது எங்கள் கூட்டாளி ஒருவன் போனபோது அவன் எழுதிய நண்பர் பக்கம். டவுனில் வேலை முடிந்து பாலையூற்றுக்குப் பின்னேர பஸ்ஸில் திரும்புவோம். அந்தக் கூட்டாளி முந்திப் போய் ஜன்னலால் கைக்குட்டையை எறிந்து இவனுக்குச் சீட் பிடித்து வைப்பான். இவ்வளவுதான் செய்தி. வெண்பா இது:

கைக்குட்டை போட்டிடம் காத்திருப்பாய் நான்வரவே
பைக்குள்ளே பாண்சூடு பக்கத்தில் உன்பேச்சு
நீமுன்னே போனாய் நினைவிருந்தால் ஓரிடம்நான்
தாமதமாய் வந்தாலும் தா.

நேரிசைக்குரிய தனிச்சொல் இல்லாத இன்னிசை வெண்பா. தனிச்சொல் இருந்தால் இரண்டாம் அடியில் ஒரு நிறுத்தம் விழும். பஸ் ஓடிக்கொண்டிருக்கும் அடிகளில் அவன் நிறுத்தத்தை விரும்பவில்லை. முதல் இரண்டு அடியும் ‘கைக்கு’, ‘பைக்கு’ என்று ஓர் எதுகையில் போகின்றன. மூன்றாம் அடியில் எதுகை மாறுகிற இடத்தில்தான் ஆள் இறக்கிறான். சீர்களை எண்ணிப் பாருங்கள், பெரும்பாலும் காய்ச்சீர், நீண்டு நீண்டு நடக்கும். ‘போனாய்’ மட்டும் தேமா, குறுகிய ஈரசைச் சீர். செய்தி வருகிற சொல்லில் நடை தட்டுகிறது. சூடான பாண் மூக்குக்கு வருகிறது, பேச்சு காதுக்கு வருகிறது. பேசியது என்ன என்று சொல்லவில்லை, சொன்னால் அது இவர்கள் பேச்சாக மட்டும் நின்றுவிடும். கடைசியில் தனியாக நிற்கிற ‘தா’ நாள் வாய்பாட்டில் முடிகிறது. கேட்கப்படுவது மோட்சமல்ல, சுவர்க்கமல்ல, பக்கத்துச் சீட். பொத்தியார் நடுகல்லிடம் கேட்டதை இவன் பாலையூற்று பஸ்ஸில் கேட்டுவிட்டான். ‘வள்ளல்’ என்றோ ‘குணக்குன்று’ என்றோ ஒரு சொல் இதில் இல்லை. ஆனால் செத்தவன் எப்படிப்பட்டவன் என்று கேட்டால், மற்றவனுக்கு இடம் பிடித்து வைக்கிறவன் என்ற விடை முழுதாக இருக்கிறது.

இப்போது இவனும் போய்விட்டான். பிள்ளைகள் புத்தகம் போட்டார்கள். நண்பர் பக்கத்தை என்னிடம் தந்தார்கள், “மாமா, நீங்கள்தான் எழுத வேணும்” என்று. நான் எழுதவில்லை. அந்த வெண்பாவையே கொடுத்தேன். பெயரோ திதியோ அதில் இல்லை, ஒரு சீரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. புகழ்ச்சிப் பாட்டும் பெயரை மாற்றினால் யாருக்கும் பொருந்தும் என்று மேலே குறை சொன்னேன். அதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஆலமரம் யாருக்கும் பொருந்துவது, அது யாரையும் பார்க்காமல் எழுதப்பட்டதால். கைக்குட்டை எனக்கும் பொருந்துவது, அது ஒருவனை மட்டும் பார்த்து எழுதப்பட்டதால். அதைப் படிக்கிற ஒவ்வொருவனுக்கும் தனக்கு இடம் பிடித்து வைத்த ஒருத்தன் ஞாபகத்துக்கு வருவான்.

நூலகம் இணைய நூலகத்தில் ஈழத்து நினைவு மலர்களும் சேகரமாகியிருக்கின்றன. ஊர் வரலாறு தேடுகிறவர்கள் அவற்றில் வம்சமும் திகதியும் பார்க்கிறார்கள். கவிதை தேடுகிறவர்களும் போக வேண்டும், நேரே கடைசிப் பக்கங்களுக்கு. நிறையப் பதர் இருக்கும். சலித்துப் போகவேண்டாம், நண்பன் ஒருவன் உண்மையாகக் கோபித்த நாலடி எங்காவது அகப்படும். உங்களை யாராவது அந்தப் பக்கத்தை எழுதக் கேட்டால், பெருமைகளை வீட்டார் புலம்பலுக்கு விட்டுவிடுங்கள். அவர்களுக்குத் தெரியாத ஒன்றை எழுதுங்கள்.