ஒரு குரலுக்குள் ஒரு பஸ்

எங்கள் ராமநாதபுரம் கரையில், சிக்கல், வாலிநோக்கம் பக்கம் சிலோன் ரேடியோவைப் பற்றிப் பேச்செடுத்தால் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் என்ற இரண்டு பெயர்களும் உடனே வந்துவிடும். பாட்டுக்காக ரேடியோவைத் திருகியவர்கள் நாம்; பாட்டுக்கு நடுவில் பேசியவர்களை நினைவில் வைத்துக்கொண்டோம், நாடகக்காரர்களை விட்டுவிட்டோம். அப்படி விடுபட்டவர்களில் கே.எஸ். பாலச்சந்திரனின் இழப்பு எனக்குப் பெரிதாகப் படுகிறது. 1944-இல் யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் பிறந்து 2014-இல் கனடாவில் மறைந்தவர். வானொலி, மேடை, சினிமா, எழுத்து என்று ஓயாமல் உழைத்தவர்.

ஈழத் தமிழர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் 'அண்ணை றைற்' என்பார்கள். பஸ் கண்டக்டராக அவர் ஒருவரே நின்று நடத்திய தனிநடிப்பு அது. ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் மேடையில் கிடையாது. கண்டக்டர் சொல்லும் பதிலிலிருந்தே எதிரில் நிற்பவர் யார், என்ன கேட்டார் என்று நாம் ஊகித்துக்கொள்கிறோம். காதை மட்டுமே நம்பும் வானொலியில் தேர்ந்தவருக்கே இது கைகூடும்.

தலைப்பையே பாருங்கள். நம் பஸ்ஸில் 'அண்ணே, ரைட்' என்பது அங்கே 'அண்ணை, றைற்' ஆகிறது. ஒரே கட்டளைதான், மண் வேறு. அந்த மண்ணின் பேச்சை அவர் கேலிக்கு எடுக்கவில்லை. தமிழ்நாட்டுச் சினிமா யாழ்ப்பாணத் தமிழைப் பெரும்பாலும் வேடிக்கைப் பொருளாகவே கேட்டது. பாலச்சந்திரனிடம் அந்தப் பேச்சு இயல்பு. சிரிப்பு நெரிசலிலும் அவசரத்திலும் பிறக்கிறது. சொந்த ஊர்க்காரரே கூசாமல் சிரிக்க முடிந்தது அதனால்தான். இந்தக் கலையின் பெரிய பலம் என்று இதைத்தான் சொல்வேன்.

குறையும் அங்கேதான் இருக்கிறது. பஸ்ஸில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியத்துக்கு மேல் இடமில்லை. ஆள் வருமுன்பே ஆளின் வகை வந்துவிடுகிறது. அவர் இறங்கிய பிறகு என்ன ஆனார் என்று கேட்க நேரமில்லை. இந்த வடிவத்துக்கு மௌனம் தெரியாது. பேச்சு நின்றால் பஸ்ஸே நின்றுவிடும். போர் அந்தச் சாலைகளைச் சிதைத்து, மக்கள் கடல் கடந்த பிறகு, கைதட்டலுக்குள் ஊர் ஏக்கமும் புகுந்துகொண்டது. ரசிகர்கள் அந்தப் பழைய பஸ்ஸையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். கலைஞனை ஒரே வேடத்தில் நிறுத்திவைப்பதும் அன்புதான். ஆனாலும் அது அவருக்குச் செய்த அநீதி.

ஏனென்றால் அவர் அந்த வேடத்தோடு நின்றவரல்ல. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978-இல் வந்த 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். மீனவர் வாழ்வைச் சொல்லும் அந்தக் கதையின் கடல் நமக்கு அந்நியமல்ல. பிறகு 'கரையைத் தேடும் கட்டுமரங்கள்' என்று நாவலே எழுதினார், 2009-இல் வெளிவந்தது. ஒரு வாக்கியத்தில் இறக்கிவிட்ட மனிதர்களுக்கு ஒரு முழுப் புத்தகத்தின் நேரத்தைக் கொடுக்கும் முயற்சியாகவே அதை நான் காண்கிறேன். நாவலாசிரியரைப் பற்றிய பேச்சு கண்டக்டரைப் பற்றிய பேச்சில் பாதிகூட இல்லை. வாடை அடித்தால் வள்ளம் இறக்கத் தயங்கும் நம் கரையிலாவது அந்த நாவலை எடுத்துப் படிக்க வேண்டும்.