சொந்தக்காரர் இல்லாத புத்தகங்கள்

ஓர் ஆசிரியர் காலமான பிறகு அறுபது வருஷம் வரையில் அவருடைய எழுத்துக்கு அவருடைய வாரிசுகள் சொந்தக்காரர்கள். அதற்குப் பிறகு அது எல்லோருக்கும் சொந்தம். எல்லோருக்கும் சொந்தமான பொருள் நம் நாட்டில் என்ன கதியை அடையும் என்பது ஊர்ப் பொதுக் குளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். குளிக்க எல்லோரும் வருவார்கள். தூர் எடுக்க ஒருவரும் வரமாட்டார்கள். பழைய தமிழ் நாவல்களுக்கு இப்போது ஏறக்குறைய அந்த நிலைமைதான் ஏற்பட்டிருக்கிறது.

சட்ட விஷயத்தை முதலிலேயே சொல்லி முடித்துவிடுகிறேன். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம் ஐம்பது வருஷம் என்றுதான் முதலில் வைத்திருந்தது. 1941-ல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 முடிவில் விடுதலையாக வேண்டியவை. விசுவபாரதிக்காரர்கள் கவலைப்பட்டார்கள், 1992-ல் சட்டத்தைத் திருத்தி ஐம்பதை அறுபதாக்கினார்கள். தாகூருக்காகப் போட்ட தாழ்ப்பாள் எல்லா மொழி ஆசிரியர்களின் கதவிலும் விழுந்தது. 1948-ல் இறந்த புதுமைப்பித்தனும் அதற்குள் அகப்பட்டுக்கொண்டார். தமிழ்நாட்டில் மட்டும் வேறொரு வழி உண்டு. சர்க்கார் வாரிசுகளுக்குப் பணம் கொடுத்து, கெடுவுக்கு முன்பே நூல்களை நாட்டுடைமை ஆக்கிவிடும். 1949-ல் பாரதியின் எழுத்துக்களை வாங்கியதில் ஆரம்பித்த வழக்கம் அது. புதுமைப்பித்தனுக்கும் கல்கிக்கும் அப்படித்தான் விமோசனம் கிடைத்தது.

ஒன்று கவனிக்க வேண்டும். விடுதலையானது எழுத்துத்தான். 'பொன்னியின் செல்வ'னை இன்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் அந்தக் கதைக்குப் படம் வரைந்த மணியம் காலமானது 1968-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 2028 முடியும் வரையில் அந்தப் படங்கள் யாரோ ஒருவருடைய சொத்து. இதைப் பற்றிக் கொஞ்சங்கூட நினைக்காமல் படத்தையும் சேர்த்து அடித்துத் தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். குளத்துக்குப் போனவன் கரையில் காய்ந்த வேட்டியையும் எடுத்துக்கொண்டு வந்த மாதிரி.

சரி, பழைய புத்தகத்தைச் சொந்தப் பணம் போட்டுப் புதுப் பதிப்பாகக் கொண்டு வருவது இப்போது வந்த நவீன வியாதியா என்றால், இல்லை. நம்முடைய இலக்கியமே அப்படித்தான் பிழைத்தது. 1880-ல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் கேட்ட ஒரு கேள்விக்காக உ.வே. சாமிநாதையர் ஏழு வருஷம் ஏடு ஏடாக அலைந்து, கையொப்பக்காரர்களிடம் பணம் சேர்த்து, 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சிட்டார். திருத்தக்க தேவர் வந்து ராயல்டி கேட்கப் போவதில்லை. வாரிசு கிடையாது, வழக்குக் கிடையாது. சொந்தக்காரர் இல்லாத புத்தகம் என்ற முறையில் சிந்தாமணிக்கும், இன்று ஒருவர் வீட்டுக் கம்ப்யூட்டரிலிருந்து கொண்டு வரும் நாவலுக்கும் வித்தியாசமே இல்லை. வித்தியாசம் அந்த ஏழு வருஷத்தில் இருக்கிறது.

இன்றைக்கு ஏழு நாள் போதும். 1998-ல் ஆரம்பித்த மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டெழுதி வைத்த நூல்கள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஐம்பது பிரதி வேண்டுமென்றால் ஐம்பது மட்டும் அடித்துக் கொடுக்கும் அச்சகங்கள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. புத்தகத்துக்குரிய சர்வதேச எண்ணை நம் நாட்டில் காசில்லாமலே கொடுக்கிறார்கள். அட்டைக்கு ஒரு படம். அதையும் இப்போது மனிதர் வரைய வேண்டியதில்லை. பிறகென்ன, பதிப்பாசிரியர் என்று பெயரைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட பதிப்பு ஒன்று சென்ற வருஷம் என் கைக்கு வந்தது. ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்'. வெளியிட்டவர் யாரென்று சொல்லப் போவதில்லை; சொன்னால் அந்த ஒருவர்தான் குற்றவாளி என்று ஆகிவிடும்.

அந்த நாவலை அறியாத வாசகர்களுக்காக இரண்டு வார்த்தை. வத்தலக்குண்டில் பிறந்த ராஜம் ஐயர் அதை 'விவேக சிந்தாமணி' பத்திரிகையில் 1893 முதல் 1895 வரையில் தொடராக எழுதினார். தொடங்கும்போது வயது இருபத்தொன்று. 1898-ல், இருபத்தாறு வயதில் போய்விட்டார். தமிழில் வேறு நாவல் எழுதவில்லை. பின்பாதியில் கதை வேதாந்தத்துக்குள் போய்விடுகிறது என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கும் அதில் பாதி சம்மதம். ஆனால் முன்பாதியில் சிறுகுளம் கிராமத்துப் பெண்கள் கூடிப் பேசும் அந்தப் பேச்சுக்கு இணையாக எழுத, அதற்குப் பிறகு வந்த எங்களில் எத்தனை பேரால் முடிந்தது என்று எண்ணினால் ஒரு கை விரல் மிஞ்சும்.

ராஜம் ஐயர் வைத்த தலைப்பு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்' என்பது. நான் பார்த்த பதிப்பில் முதல் பாதியைக் காணோம். அட்டையில் மட்டுமல்ல, உள்ளேயும் எங்கேயும் இல்லை. நீளமாக இருக்கிறதென்று வெட்டியிருப்பார்கள். ஆனால் அபவாதந்தானே ஐயா அந்த நாவலின் உயிர்! ஊர் வம்பு, ஒரு நல்ல குடும்பத்துக்குள் நுழைந்து, புருஷனுக்குப் பெண்டாட்டி மேலேயே சந்தேகம் வருகிற அளவுக்கு வளருகிறது; அதிலிருந்துதான் எல்லா ஆபத்தும். அந்த வார்த்தையை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்கிறவனுக்கு, முதலில் வெறும் சிரிப்பாகத் தோன்றும் வம்புப் பேச்சே மெதுவாகப் பயமாக மாறுவது தெரியும். அதை எடுத்துவிட்டால் சிரிப்புச் சிரிப்பாகவே நின்றுவிடுகிறது.

அதைவிட மோசம், பேச்சைத் திருத்தியது. கிராமத்து அக்கிரகாரப் பெண்களின் கொச்சை புதிய வாசகர்களுக்குப் புரியாது என்று யாரோ முடிவு செய்து, பாதி இடங்களில் பாடப்புத்தக நடையாக்கிவிட்டார்கள். பாதி இடங்களில் களைப்பு வந்து விட்டுவிட்டார்கள். ஆகவே ஒரே பெண்மணி ஒரு பக்கத்தில் ஆற்றங்கரையில் நின்று பேசுகிறாள், அடுத்த பக்கத்தில் மேடையில் ஏறிப் பேசுகிறாள். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளையின் கதியோ பரிதாபம். யமகத்திலும் திரிபிலும் மூழ்கிப் போன அந்தத் தமிழ் வாத்தியாருடைய வேடிக்கையே அவர் வாயைத் திறந்தால் வந்து விழும் பகட்டான சொற்கள்தாம். அவற்றை எளிமைப்படுத்திய பிறகு பிள்ளையவர்கள் யாரோ ஒரு நல்ல மனிதராகிவிட்டார். நல்ல மனிதரை வைத்துக்கொண்டு நாவலாசிரியன் என்ன செய்வான்?

எழுத்துப் பிழைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன். ஆனால் அவை ஒரு விதத்தில் சுவாரசியமானவை. பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து, யந்திரத்தையே எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுகிறார்கள். பழைய அச்சில் 'ர' என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் அதிக வேற்றுமை தெரியாது. யந்திரம் மரத்தை 'மாம்' என்று படிக்கும். வரம் கேட்டால் 'வாம்' கொடுக்கும். 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் இருந்த, தும்பிக்கை வைத்த 'லை'யையும் 'னை'யையும் கண்டால் அது திகைத்துப் போய் ஏதாவது ஒன்றைப் போட்டுவிடும். யந்திரத்தின் மேல் எனக்குக் கோபமில்லை, அது தெரிந்ததைச் செய்கிறது. ஒரு மனிதர் பழைய பிரதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, படித்துப் பார்த்திருந்தால் இவை நின்றிருக்குமா? இப்படி அடித்த புத்தகத்தைப் பார்த்து அடுத்தவர் அடிப்பார். நூறு வருஷம் கழித்து 'மாம்' என்பதற்கு ஒருவர் அடிக்குறிப்பு எழுதினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

வாரிசுகள் கேட்கலாமே என்பீர்கள். எழுத்தைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை ஆசிரியரின் பிரதிநிதிகளுக்குச் சட்டத்தில் இருக்கிறது. அதற்குக் காலக்கெடு விதித்த வார்த்தைகளைக்கூட 2012-ல் எடுத்துவிட்டார்கள். ஆனால் இருபத்தாறு வயதில் இறந்தவருக்காக, நூற்றிருபத்தைந்து வருஷத்துக்குமேல் ஆன பிறகு யார் வக்கீல் வீட்டுப் படி ஏறப் போகிறார்கள்? வேடிக்கை என்னவென்றால், கிண்டிலில் புத்தகம் விற்கும் அமெரிக்கக் கம்பெனி ஒரு விதி வைத்திருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் பழைய நூலை அப்படியே கொண்டு வராதே. புது மொழிபெயர்ப்பாவது, சொந்தக் குறிப்புரையாவது, குறைந்தது பத்துப் புதுப் படமாவது சேர்த்துக் கொண்டு வா என்கிறது. வியாபாரிக்குத் தோன்றியது நம் பதிப்பாசிரியர்களுக்குத் தோன்றவில்லை. பத்துப் படத்தைப் போட்டால் போதும் என்பது வியாபாரிப் புத்திதான். ஆனாலும் 'நீ என்ன சேர்த்தாய்?' என்ற கேள்வி நியாயமான கேள்வி.

இதே நாவலுக்கு மற்றொரு பதிப்பும் என்னிடம் இருக்கிறது. வத்தலக்குண்டுக்கு அருகில் ஒரு சிற்றூரில், அச்சுக்கோத்துப் பிழைத்து, ஈய எழுத்துக்கள் போன பிறகு கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு, இப்போது ஓய்ந்திருக்கும் ஒரு நண்பர் கொண்டு வந்தது. முந்நூறு பிரதி. நம் ஊர்க்காரர் எழுதியது, நம் ஊரில் ஒரு பிரதி கிடைக்கவில்லையே என்பதுதான் அவருக்குக் காரணம். இரண்டு பழைய பதிப்புகளை வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டிருக்கிறார். தலைப்பு முழுசாக இருக்கிறது. தாம் மாற்றிய இடங்களைக் கடைசியில் ஒரு பட்டியலாகக் கொடுத்திருக்கிறார். மொத்தம் நாற்பத்தொன்று, எல்லாம் அச்சுப் பிழைகள். குறையும் உண்டு. அடிக்குறிப்பு அளவுக்கு மீறிப் போய்விட்டது. அத்திம்பேர் என்றால் யார் என்று ஒரு தடவை சொன்னால் போதாதா? ஐந்து இடத்தில் சொல்லுகிறார்.

அச்சுக்குப் போகுமுன் அவர் என்னிடம் வந்தது ஒரே ஒரு விஷயத்துக்காக. அந்த நாவலில் பேயாண்டித் தேவன் என்று ஒரு திருட்டுக் கூட்டத் தலைவன் வருகிறான். நண்பர் அதே வகுப்பைச் சேர்ந்தவர்.

"தம்பி, இந்தப் பேரை மட்டும் மாத்திட்டா என்ன? வெறும் பேயாண்டின்னு போட்டுர்றேன். எங்க ஆளுக கடையிலதான் நான் புஸ்தகத்தை வைக்கணும்."

எனக்கு உடனே பதில் வரவில்லை. 'மூலத்தில் கை வைக்கக் கூடாது' என்று சொல்லுவது எனக்குச் சுலபம். கடை வைத்திருக்கும் உறவினர் என் உறவினர் அல்ல. அந்தப் பிராந்தியத்தில் அந்தப் பெயர் எப்படிப்பட்ட ரணத்தில் போய்ப் படுகிறது என்பது எனக்கும் தெரியும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1871-ல் வடக்கே பிறந்தது; 1911-ல் சென்னை ராஜதானிக்கும் வந்தது. ரேகை வைக்கச் சொல்லி மறுத்த ஜனங்களின்மேல் 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் சுட்டார்கள். உசிலம்பட்டிப் பக்கத்து ஊர் அது. நண்பரின் ஊருக்கு வெகு தூரமில்லை. ராஜம் ஐயர் எழுதியது அந்தச் சட்டம் சென்னை ராஜதானிக்கு வருவதற்கு முன்னால். ஆனால் ஒரு வகுப்பையே திருடர் என்று எண்ணும் மனோபாவம் அந்தச் சட்டத்துக்கு முன்பே நாட்டில் இருந்தது. படித்த ஓர் இளைஞர் எழுதிய நல்ல நாவலிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. பெயரை மாற்றிவிட்டால் அந்தச் சாட்சியம் அழிந்து போகும். அழிந்தால் யாருக்கு லாபம்? அவமானப்பட்டவர்களுக்கு அல்ல.

நான் இதைச் சொன்னேன். "அப்ப, அவரு எழுதினதை அவரு எழுதினபடி போட்டுட்டு, நான் சொல்ல வேண்டியதை நான் தனியாச் சொல்லணுங்கிறீங்க" என்றார்.

"ஆமாம் அண்ணே. அதைச் சொல்ல உங்களைவிடத் தகுந்த ஆள் யார்?"

"எழுதிப் பழக்கமில்லையே."

"எத்தனை பேர் எழுத்தைக் கோத்திருக்கிறீர்கள்!"

இரண்டு பக்கம் எழுதினார். அலங்காரம் கிடையாது. சட்டம் எப்போது வந்தது, எப்போது போயிற்று, தம்முடைய தகப்பனார் சின்ன வயதில் எந்தச் சாவடியில் போய்ப் படுக்க வேண்டியிருந்தது, இவ்வளவுதான். அதற்குப் பிறகு, இந்த நாவலை ஏன் தமக்குப் பிடிக்கிறது என்று ஒரு பாரா. ராஜம் ஐயரின் பேரில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. அந்த நாவலைப் பற்றிப் பண்டிதர்கள் எழுதிய முன்னுரைகள் பலவற்றைப் படித்திருக்கிறேன்; என்னைப் பொறுத்த வரையில் இந்த இரண்டு பக்கத்துக்குத்தான் முதலிடம். புதுப் பதிப்பில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்டால் அதைக் காட்டலாம்.

விலை இருநூற்று இருபது ரூபாய். உறவினர் முதலில் கடையில் வைக்க மறுத்து, முன்னுரையைப் படித்த பிறகு ஐந்து பிரதி வாங்கி வைத்தாராம்; அதில் இரண்டு விற்றிருக்கிறது. மொத்தத்தில் நூற்றுச் சொச்சம் போயிருக்கிறது. மிச்சம் வீட்டுப் பரணில். போன வாரம் கடிதம் போட்டிருந்தார்: 143-ஆம் பக்கத்தில் ஓர் ஒற்று விழுந்து போயிருக்கிறது, இரண்டாம் அச்சில் சேர்க்க வேண்டும், வேறு ஏதாவது கண்ணில் பட்டால் எழுதுங்கள் என்று. மூன்று கண்டுபிடித்து எழுதியிருக்கிறேன்.