அட்டவணைக்குள் அடங்காத கெழு

இயற்கணிதப் பாடத்தின் தொடக்கத்தில் பிள்ளைகள் நிரப்பும் அட்டவணை ஒன்று உண்டு. ஒரு கட்டத்தில் கோவை, அடுத்ததில் உறுப்புகள், கடைசியில் கெழுக்கள். 5x² − 3xy + y − 7 என்று கொடுத்தால் 5x², −3xy, y, −7 எனப் பிரித்து 5, −3, 1 என்று எண்கெழுக்களை எழுத வேண்டும், −7 மாறிலி. இதை வெறும் மனப்பாடம் என்று தள்ளிவிட முடியாது. 4x²y, −9yx² இரண்டும் ஒத்த உறுப்புகள், 4xy² அவற்றோடு சேராது என்பது உறுப்பைப் பிரித்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே சட்டென்று தெரியும். கோவைகளைக் கூட்டுவதும் கழிப்பதும் அதற்குப் பிறகுதான்.

ஆனால் பயிற்சி பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. எழுத்துக்கு முன்னால் நிற்கும் எண்தான் கெழு என்று பிள்ளை முடிவு கட்டிக்கொள்கிறது. எளிய கணக்குகள் அந்த முடிவைச் சோதிப்பதே இல்லை. x/2 வந்தால் கெழு 2 என்று எழுதும். 8 − x வந்தால் கழித்தல் குறியை விட்டுவிட்டு 1 என்று எழுதும். −3xy-இல் x-இன் கெழு என்ன என்று கேட்டுப் பழக்காவிட்டால் −3y என்ற விடை எங்கிருந்து வரும்? எதனுடைய கெழு என்று சொல்லாமலே கெழுவைக் கேட்பதுதான் இந்த அட்டவணையின் பெரிய பிழை என்பேன். கெழு எழுத்தாகவும் இருக்கலாம்: தெரிந்த அளவுகளையும் எழுத்தால் குறிக்கும் முறையைப் பிரான்சின் வியட் 1591-இல் வெளியிட்டார். தெரிந்தவற்றுக்கு a, b, c, தெரியாதவற்றுக்கு x, y, z என்று ஒதுக்கியவர் டெக்கார்ட், 1637-இல். எண் மட்டுமே கெழு என்று பழகிய பிள்ளைக்கு ax + b-இல் உள்ள a புதிராகவே இருக்கும்.

கண்ணில் படும் எண்ணே கெழு என்ற பழக்கத்தின் விளைவு தொகுமுறை வகுத்தலில் அப்பட்டமாகத் தெரியும். x³ − 8-ஐ x − 2-ஆல் வகுக்கக் கெழுக்களை 1, 0, 0, −8 என்று எழுத வேண்டும். கண்ணில் படும் எண்களை மட்டும் எடுக்கிறவர் 1, −8 என்று எழுதி, மீதி −6 என்று முடிப்பார். அவர் வகுத்தது x − 8-ஐ! முறையாகச் செய்தால் ஈவு x² + 2x + 4, மீதி 0. கோவையில் காணாத உறுப்புக்கும் கெழு உண்டு, அது 0 என்பதற்கு அட்டவணையில் இடமே இல்லை. இருபடிச் சமன்பாட்டில் குறி பழி வாங்கும்: 2x² − x − 6 = 0-இல் x-இன் கெழுவை b = −1 என்று எடுத்தால் மூலங்கள் 2, −3/2. குறியை விட்டு b = 1 என்று எடுத்தால் −2, 3/2 என இரண்டுமே தவறாகிவிடும்.

கெழு என்ன வேலை செய்கிறது என்பதையும் அட்டவணை கேட்பதில்லை. 7x + 20-இல் x ஒன்று கூடினால் மதிப்பு 7 கூடும். 20 − 3x-இல் 3 குறையும். x-க்கு 1, 2, 3 என்று இட்டுப் பார்த்தால் பிள்ளையே இதைக் கண்டுபிடித்துவிடும்.

ஆசிரியர்களே, அட்டவணையை விட்டுவிடாதீர்கள். 'எதனுடைய கெழு?' என்று அதில் ஒரு கட்டம் கூட்டுங்கள். x/2, 8 − x, x³ − 8 போன்ற கோவைகளை முதல் வாரத்திலேயே கொடுங்கள்.