மணி 93

ஒரு சிப்பைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டரை யாராவது கொண்டுவந்து காட்டினால் நான் அதன் வேகத்தைக் கேட்பதில்லை. ஒரு கட்டளையும் ஓடுவதற்கு முன், ரீசெட் ஆன கையோடு, ரெஜிஸ்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன். வரிசையாக எல்லாம் சைபர் என்றால், எழுதியவர் டேட்டாஷீட்டில் கட்டளைப் பட்டியலோடு எழுந்து போய்விட்டார் என்று அர்த்தம். வந்தவர் செருப்பை எங்கே விடுகிறார் என்பதிலேயே ஆளைத் தெரிந்துகொள்கிற மாதிரிதான் இதுவும்.

இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானே அப்படி எழுந்து போனவன். இன்டெல் 1980-ல் கொண்டுவந்த 8051, நம் ஊர் இன்ஜினீயரிங் லேப்களில் பிள்ளைகள் கிட்டில் தட்டித் தட்டிப் பழகிய சிப். அதற்கு ஓர் எமுலேட்டர் எழுதினேன். கூட்டல், கழித்தல், கேரி பிட் வரை எல்லாம் சரி. ஆனால் சப்ரூட்டீனுக்குப் போய்த் திரும்பினால் ஆர்1-லும் ஆர்2-லும் வைத்திருந்த எண்கள் மாறிப்போயிருக்கும். இரண்டு இரவு முழித்த பிறகுதான் பிடிபட்டது: என் ஸ்டாக் பாயின்டர் 0-வில் தொடங்கியது. நிஜ சிப்பில் அது 07.

அந்த 07-ஐக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். 8051-ன் உள் மெமரியில் 00 முதல் 07 வரையிலான எட்டு பைட்டும் ஆர்0 முதல் ஆர்7 வரையிலான ரெஜிஸ்டர்கள் குடியிருக்கும் இடம். இதன் ஸ்டாக் மேல்நோக்கி வளரும். முதலில் ஒன்று கூட்டிக்கொண்டு அப்புறம்தான் எழுதும். 07-ல் நின்றால் முதல் பைட் 08-ல் விழும், ரெஜிஸ்டர்களுக்கு அடுத்த வாசலில். 0-வில் நின்றால் திரும்பி வரவேண்டிய முகவரியின் இரண்டு பைட்டும் நேரே ஆர்1, ஆர்2 தலையில். சைபர் அல்லாத அந்த எண் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. (08-ல் இரண்டாவது ரெஜிஸ்டர் வரிசை தொடங்குகிறது, அதையும் பயன்படுத்த நினைப்பவர் ஸ்டாக்கை முதலில் கிளப்பிவிட வேண்டும். அது வேறு கதை.)

போர்ட்டுகள் நான்கும் அப்படியே: ரீசெட்டில் எல்லாப் பிட்டும் 1. ஒரு பின் வெளியிலிருந்து சிக்னலைப் படிக்க வேண்டுமானால் அதில் 1 இருக்க வேண்டும். 0 இருந்தால் சிப்பே அதைத் தரைக்கு இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எமுலேட்டர் இங்கே சைபரில் தொடங்கினால் பட்டன்கள் எல்லாம் யாரோ அமுக்கிப் பிடித்த மாதிரியே தெரியும். 0 வந்தால் இழுக்கும்படி கட்டிய ரிலேக்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் டக்கென்று இழுக்கும்.

ஆர்ம் கார்டெக்ஸ்-எம்3 ரகம் வேறு. முகவரி 0-வில் இருப்பதை ஸ்டாக் பாயின்டருக்கு எடுத்துக்கொள்ளும். 4-ல் எழுதியிருக்கும் இடத்துக்குப் போய் ஓட ஆரம்பிக்கும். லிங்க் ரெஜிஸ்டரில் எல்லாப் பிட்டும் 1. ‘என்னை யாரும் கூப்பிடவில்லை, திரும்பிப் போக இடமும் இல்லை’ என்று அதை நான் வாசித்துக்கொள்வேன். இங்கே எமுலேட்டருக்கு ஒரு முன்பின் சங்கடம்: புரோகிராம் மெமரியில் இறங்குமுன் பிராசஸருக்கு ரீசெட் கொடுத்துவிட்டால் அந்த இரண்டு இடத்திலும் ஒன்றும் இருக்காது. கியூஎமு என்ற எமுலேட்டரின் மூல நிரலில் இதைக் குறிப்பாகவே எழுதிவைத்து, மெமரிக்கு இன்னும் வந்து சேராத புரோகிராம் படிமத்திலிருந்தே அந்த இரண்டையும் எடுத்துக்கொள்ள வழி செய்திருக்கிறார்கள். நல்ல தச்சர் வேலையில் அலமாரியின் பின்பக்கம் மாதிரி. திறந்து பார்க்கிறவனுக்குத்தான் தெரியும்.

ஆனாலும் எனக்கு மிகப் பிடித்தது மைக்ரோசிப்பின் பிக் டேட்டாஷீட்களில் வரும் ரீசெட் அட்டவணைதான். 0, 1-க்கு நடுவே சில எழுத்துகள் வரும். எக்ஸ் என்றால் தெரியாது. யூ என்றால் இருந்தபடியே இருக்கும். கியூ என்றால் ரீசெட் எதனால் வந்தது என்பதைப் பொறுத்தது. கரன்ட் வந்து விழித்த சிப்பும் வாட்ச்டாக் டைமர் கெடு தாண்டிக் கடித்து விழித்த சிப்பும் ஒன்றல்ல. ஆர்டுவினோ ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி-யை எடுத்துக்கொள்ளுங்கள்: வாட்ச்டாக் ரீசெட்டுக்குப் பிறகும் அதில் வாட்ச்டாக் அணையாது, கெடு மட்டும் சுமார் 16 மில்லிசெகண்டாகச் சுருங்கிவிடும். அதற்குள் அணைக்கத் தெரியாத புரோகிராம், நிஜ சிப்பில் எழுந்து எழுந்து விழும். இதைக் கண்டுகொள்ளாத எமுலேட்டரில் ஜோராக ஓடும்.

எக்ஸ் என்ற இடத்தில் சைபர் வைப்பதை நான் தவறு என்றே சொல்வேன், டேட்டாஷீட்டுக்கு அது முரணில்லை என்றாலும். சைபர் ஒரு பதில். ‘தெரியாது’ என்று சொன்ன இடத்தில் பதில் சொல்லிவிட்டால், மாறியில் முதல் மதிப்பு போட மறந்தவன் கடைசி வரை மறந்தே இருப்பான். 8051-ல் ரீசெட் ரேமைத் தொடுவதே இல்லை. கரன்ட் வந்ததும் அதில் என்ன இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அதனால் இப்போது என் எமுலேட்டர் தொடங்கும்போதே ரேம் முழுக்கக் குப்பையைக் கொட்டுகிறது. எந்த எண்ணிலிருந்து அந்தக் குப்பை பிறந்தது என்பதை முதல் வரியில் காட்டிவிடும். வேண்டுமானால் அதே குப்பையை மறுபடி கொட்டிக்கொள்ளலாம். காலேஜில் எழுதி முழு மார்க் வாங்கிய கடிகாரப் புரோகிராமை அதில் ஏற்றிப் பார்த்தேன். மணி 93 என்று காட்டியது.