தொப்புளைச் சுற்றி ஒரு புள்ளிக்கோலம்

ராயப்பேட்டை மணிக்கூண்டைக் கடக்கும்போது, அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவு நினைவுக்கு வரும். மார்பகத்தை எடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். முடியவில்லை. அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் ரத்தக் குழாயோடு பெயர்த்து, நெஞ்சில் நுண்ணோக்கியின் கீழ் இணைத்து, புது மார்பகம் அமைக்கலாம். தசை வயிற்றிலேயே இருக்கும். தசையை விட்டுவைத்துத் தோலை எடுக்கும் இந்த வழியை 1989இல் திறந்தவர்கள் ஜப்பானியர் கொஷிமாவும் சொயேடாவும்.

நான் ரசிப்பது கத்தியை அல்ல, அதற்கு முன் எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ படத்தை. கையில் ஏற்றிய அயோடின் மருந்து வயிற்றுத் தமனிக்கு வரும் அந்தச் சில நொடிகளில் படம் பிடித்தாக வேண்டும். முந்தினால் குழாய் தெரியாது. பிந்தினால் சிரைகளும் நிரம்பிக் குழப்பும். தசையைத் துளைத்துத் தோலுக்கு ஏறும் குழாய்கள் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வயிற்றில் இடமும் வலமும்கூட ஒத்துப்போகாது. தடித்தது எது, தசைக்குள் அதிகம் சுற்றாதது எது என்று பார்த்து, தொப்புளிலிருந்து அளந்து சொல்கிறார் ரேடியாலஜிஸ்ட். அறுவை மருத்துவர் டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் ஓசை கேட்டு, பேனாவால் புள்ளி வைக்கிறார். மயிலாப்பூர் வாசலில் கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோலத்தான். என்ன, இதை அழித்துப் போட முடியாது.

வயிற்றில் பழைய ஆபரேஷன் தழும்பு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே குழாய் அறுபட்டிருக்கலாம்.