பாயில் இல்லாத பெயர்

பாரசீகப் பழங்குடிக் கம்பளங்களைப் பற்றிச் சேகரிப்பாளர்கள் எழுதுவதில் முடிச்சுக்குக் கணக்கு இருக்கிறது, சாயத்துக்கு வரலாறு இருக்கிறது. நெய்தது யார் என்று கேட்டால் 'காஷ்காய்', 'பலூச்' என்று ஓர் இனப்பெயர் வரும். அதோடு சரி. சில சமயம் அதுவும் வராது. பாரசீகத்துக்கு வடகிழக்கே துருக்மென் பெண்கள் நெய்த கம்பளம் புகாராச் சந்தையில் விலைபோனதால் 'புகாரா' ஆயிற்று. அங்கே பெயர் வைத்தது சந்தை.

இதற்கு எதிரில் அரசவைக் கம்பளத்தை வைத்துப் பார்க்கலாம். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அர்தபில் கம்பளத்தில் மக்சூத் காஷானி என்ற பெயரும் ஹிஜ்ரி 946 (கி.பி. 1539-40) என்ற ஆண்டும் நெய்யப்பட்டிருக்கின்றன. அவர் நெய்தவரா, நெய்யவைத்தவரா என்பது வேறு கேள்வி. பெயருக்கு அங்கே இடம் இருந்தது.

தரையோடு கிடத்தும் தறியைச் சுருட்டிக்கொண்டு மேய்ச்சலுக்கு இடம்பெயர்ந்த காஷ்காய்ப் பெண்ணுக்கு அந்த இடம் இல்லை. ஒரு நிறம் தீர்ந்து அடுத்த முறை தோய்த்த நூலை அவள் எடுக்கும்போது விழுகிற நிறமாற்றத்தை 'அப்ராஷ்' என்று கொண்டாடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவளே செயற்கைச் சாயத்தை எடுத்துக்கொண்டால் 'மரபு கெட்டது' என்பார்கள். அவளுடைய தட்டுப்பாடு அழகு. அவளுடைய தேர்வு சீரழிவு. இந்த ரசனைக்குப் பின்னால் இருக்கும் அதிகாரத்தைத்தான் நாம் வாசிக்க வேண்டும்.

நம்ம பக்கம் வருவோம். பத்தமடைப் பாய். கோரையை ஓடும் தண்ணீரில் ஊறப்போட்டு, மெல்லிசாகக் கீறி, நூல் பாவில் நெய்வது. நெய்கிறவர்கள் பெரும்பாலும் லெப்பை முஸ்லிம்கள், அதிலும் பெண்கள். பாயில் பெயர் நெய்யும் வழக்கம் இங்கே உண்டு: மாப்பிள்ளை பெயர், பெண் பெயர். நெய்தவள் பெயர் மட்டும் கிடையாது. பிறகு கிடைத்த புவிசார் குறியீடும் ஊர்ப்பெயரைத்தான் காக்கிறது.

கோட்டைப்பட்டினத்தில் சபராளி வீடுகளில், வளைகுடாவிலிருந்து வந்த விசைத்தறி முசல்லாக்களைப் பார்த்திருக்கிறேன். கலை ரசிகர் முகம் சுளிப்பார். ஆனால் அதை யார் கொண்டுவந்தது, எந்த வருஷம், எந்தப் பெருநாளைக்கு என்று வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அருங்காட்சியகச் சீட்டில் கிடைக்காத வரலாறு அந்த மலிவுத் துணிக்கு இருக்கிறது. ஆனால் அதுவும் வைத்திருப்பவரின் வரலாறுதான்.

பெயர் தெரியாமல் போவது தானாக நடப்பதல்ல, கேட்காமல் விட்டதன் விளைவு. அந்தக் காஷ்காய்ப் பெண்ணை இனிக் கேட்க முடியாது. பத்தமடையில் இன்று தறியில் இருப்பவரைக் கேட்கலாம். கேட்டு எழுதி வைக்காவிட்டால், இன்னும் நூறு வருஷத்தில் அவரும் 'மரபு' ஆகிவிடுவார்.